“இது எங்கட இரத்தத்திலேயே உள்ளதா டீச்சர்?” – பல்கலைக்கழகம் சென்ற பிள்ளைகளின் மனச்சோர்வு பற்றி ஒரு தாய்க்கு எழுதும் பதில்

போன வருடம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் பசறைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். தோட்டத்தை ஒட்டிச் சிறிய சில்லறைக் கடை வைத்திருக்கும் குடும்பம். அவருடைய மூத்த மகன் என்னிடம் படித்தவர். அந்தக் குடும்பத்திலேயே முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவர். பெறுபேறு வந்த அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் வாப்பா டொபி கொடுத்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

“மகன் கெம்பஸுக்குப் போறதில்ல டீச்சர். ரெண்டு மாசமா ரூமுக்குள்ளயே கிடக்கிறார். சாப்பாடும் இல்ல, பேச்சும் இல்ல. தொழுகையும் விட்டுப்போச்சு. மூணு இடத்துல ஓதிப் பார்த்தாச்சு. கண்ணூறுன்னு ஒருத்தர் சொல்றார், ஈமான் பலவீனம்னு இன்னொருத்தர் சொல்றார்” என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவர் உண்மையில் கேட்க வந்த கேள்வியைக் கேட்டார். “என்ட சின்னத் தம்பிக்கும் இப்படித்தான் இருந்திச்சு. இது எங்கட இரத்தத்திலேயே உள்ளதா டீச்சர்? மகளுக்குச் சம்பந்தம் பேசிட்டு இருக்கிறோம். வெளியில தெரிஞ்சா அது நின்னு போகும்.”

அன்று நான் அவருக்குச் சொன்னது, “முதலில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க” என்பது மட்டும்தான். இரத்தம் பற்றிய கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் படித்த கல்வி உளவியலில் மனச்சோர்வு ஒரு பக்கத்தோடு முடிந்துவிட்டது. அதன் பின்னர் தேடி வாசித்ததையும், வைத்தியர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியை வெளியே கேட்க முடியாமல் மனதுக்குள் வைத்திருக்கும் பெற்றோர் எமது சமூகத்தில் இன்னும் பலர் இருப்பார்கள்.

கவலையும் மனச்சோர்வு நோயும்

பரீட்சையில் புள்ளி குறைந்தால் கவலை வரும். வீட்டை நினைத்து அழுகை வரும். சில நாட்களில் அது குறையும்; நண்பர்கள் வந்தால் சிரிப்பும் வரும். மனச்சோர்வு நோய் அப்படியல்ல. குறைந்தது இரண்டு வாரங்கள், ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதி மனம் இருண்டு கிடக்கும். அல்லது முன்பு விரும்பிய எதிலும் விருப்பம் இல்லாமல் போகும். அதோடு தூக்கம் கெடும், பசி மாறும், உடம்பு பாரமாகும், புத்தகத்தில் ஒரு வரி கூட மனதில் நிற்காது. ‘நான் எதற்கும் லாயக்கில்லாதவன்’ என்ற எண்ணமும், சிலருக்கு மரணத்தைப் பற்றிய எண்ணமும் வரும்.

படித்தவர்களுக்காவது இது தெரியும் என்று நாம் நினைக்கலாம். கொழும்புப் பல்கலைக்கழக மாணவர் 4,671 பேரிடம் நடத்தி 2015இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், மனச்சோர்வு அறிகுறிகள் உள்ள ஒருவரைப் பற்றிய சிறு விபரத்தைக் கொடுத்து, இவருக்கு என்ன பிரச்சினை என்று கேட்டார்கள். அது மனச்சோர்வு என்று இனங்கண்டவர்கள் ஏறக்குறைய 17 வீதத்தினர் மட்டுமே. பல்கலைக்கழக மாணவர்களின் நிலையே இதுவென்றால், பிள்ளை சோம்பேறியாகிவிட்டான் என்று ஒரு தகப்பன் நினைப்பதில் ஆச்சரியமில்லை.

‘இரத்தம்’ என்றால் பரம்பரையா?

இந்தக் கேள்விக்கு எமது நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வு இருக்கிறது. பேராசிரியர் அதுல சுமதிபால உள்ளிட்ட குழுவினர் கொழும்பு மாவட்டத்தில் 3,908 வளர்ந்த இரட்டையர்களையும், இரட்டையராகப் பிறக்காத 2,016 பேரையும் ஆராய்ந்தார்கள். மனச்சோர்வு பற்றிய அதன் முடிவுகள் 2009இல் வெளிவந்தன.

இரட்டையர்களை ஏன் தேடிப் போனார்கள்? அச்சில் வார்த்தது போல் ஒரே சாயலில் பிறக்கும் இரட்டையருக்கு மரபணுக்கள் ஒன்றே. மற்ற இரட்டையர், கூடப்பிறந்த ஏனையோரைப் போல, சராசரியாகப் பாதியைத்தான் பகிர்ந்து கொள்கிறார்கள். இரு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே சோற்றில் வளர்கிறார்கள். எனவே ஒரு நோய் முதல் வகை இரட்டையரில் இருவருக்கும் சேர்ந்தே வருவது அதிகமாகவும், இரண்டாம் வகையில் குறைவாகவும் இருந்தால், அதில் மரபணுவின் பங்கு எவ்வளவு என்று கணக்கிட முடியும்.

கிடைத்த விடை பலரும் எதிர்பாராதது. பெண்களிடையே மனச்சோர்வில் மரபணுவின் பங்கு 61 வீதம். ஆண்களிடையே வெறும் 4 வீதம். செல்வந்த நாடுகளின் இரட்டையர் ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2000ஆம் ஆண்டுக் கணக்கு 37 வீதம் என்று சொன்னது. அதோடு ஒப்பிடும்போது, இலங்கை ஆண்களிடம் பரம்பரையின் பங்கு மிகக் குறைவு என்பதே அந்த ஆய்வாளர்களின் முடிவு. மகனுக்காக வந்த அந்தத் தாய், தன் தாய்வழிக் குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு இந்த ஆய்வில் பெரிய ஆதாரம் எதுவுமில்லை.

“அப்படியானால் மகளுக்கு 61 வீதம் வருமா?” என்று கேட்கக் கூடாது. இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். 61 வீதம் என்பது ஒரு பெண்ணுக்கு நோய் வரும் சாத்தியம் அல்ல. ஒரு சனத்தொகையில் சிலருக்கு நோய் வருகிறது, சிலருக்கு வருவதில்லை. இந்த வேறுபாட்டில் எவ்வளவு பங்கை மரபணு வேறுபாடுகளால் விளக்கலாம் என்பதையே அந்த எண் சொல்கிறது. தனி ஒருவரைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. பெற்றோர், கூடப்பிறந்தோர் போன்ற நெருங்கிய உறவில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் இருந்தால், மற்றவருக்கு அது வரும் சாத்தியம் பொதுவானவர்களை விட இரண்டு முதல் மூன்று மடங்கு. அது கவனிக்க வேண்டிய அளவுதான். ஆனாலும் அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்கு நோய் வருவதில்லை. ஒரே மரபணு கொண்ட இரட்டையரிலேயே ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் இருப்பது சாதாரணம்.

மனச்சோர்வுக்கென்று ஒரு தனி மரபணுவும் கிடையாது. 2003இல், மூளையின் செரட்டோனின் இரசாயனத்தோடு தொடர்புடைய ஒரு மரபணுவே காரணம் என்பது போன்ற செய்தி உலகெங்கும் பரவியது. 2019இல் பல இலட்சம் பேரின் தரவுகளை வைத்துப் பார்த்தபோது, அதுவரை சந்தேகிக்கப்பட்ட 18 மரபணுக்களில் ஒன்றுக்கும் தனிப்பட்ட செல்வாக்கு இருப்பதாகத் தெரியவில்லை. 2025இல் 29 நாடுகளின் தரவுகளைக் கொண்டு வெளிவந்த ஆய்வு, ஏறக்குறைய 700 மரபணு வேறுபாடுகளை அடையாளம் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. அவற்றில் கொஞ்சம் உங்களிடமும் இருக்கும், என்னிடமும் இருக்கும், சம்பந்தம் பேச வருகின்ற குடும்பத்திடமும் இருக்கும்.

சீனி வருத்தமும் பிரஷரும் குடும்ப வழியாக வருவதை நாம் எல்லோரும் அறிவோம். வாப்பாவுக்குச் சீனி என்பதற்காக எந்தப் பெண்ணின் கலியாணத்தையும் நாம் நிறுத்துவதில்லை. மாமாவுக்கு மனச்சோர்வு என்றால் மட்டும் நிறுத்துகிறோம்.

உண்மையான இரத்தத்தில் நடப்பது

அந்தத் தாயின் கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பரம்பரையை விட்டுவிட்டு, நாளங்களில் ஓடும் இரத்தத்தைப் பார்ப்போம்.

காலில் ஆணி குத்தினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடாகிறது. கிருமியோடு போராட உடம்பு படை திரட்டுகிறது. இதற்குத் தமிழில் அழற்சி என்று பெயர். இந்தப் படைக்குச் செய்தி கொண்டு போகும் புரதங்களைச் சைட்டோகைன்கள் என்கிறார்கள். அவை இரத்தத்தில் ஓடி மூளைக்கும் தகவல் கொடுக்கின்றன. டெங்கு வந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். சாப்பாடு வேண்டாம், பேச்சு வேண்டாம், விருந்தாளி வேண்டாம், வெளிச்சம் வேண்டாம். படுத்தே கிடக்க வேண்டும் போலிருக்கும். உடம்பு தன் பலத்தையெல்லாம் நோயோடு போராட ஒதுக்குவதற்காக மூளை போடும் கட்டளை அது. நோய் முழுமையாகக் குணமாகும்போது அந்த நிலையும் பெரும்பாலும் விலகிவிடும்.

மனச்சோர்வு நோயாளியின் நிலை ஏறக்குறைய இதைப் போலவே இருப்பதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அதற்கு ஒரு வலுவான சான்று ஹெப்படைடிஸ் ‘சி’ நோயாளிகளிடமிருந்து கிடைத்தது. அவர்களுக்கு முன்பு இன்டர்ஃபெரோன் அல்ஃபா என்ற ஊசி போடுவார்கள். அது உடம்பின் நோயெதிர்ப்புச் செய்திப் புரதங்களில் ஒன்று. அந்த ஊசி போட்டவர்களில் கணிசமானோருக்கு, அதுவரை எந்த மனக் குறையும் இல்லாதவர்களுக்கும்கூட, சில வாரங்களில் மனச்சோர்வு வந்தது. அவர்களுடைய ஈமான் அந்தச் சில வாரங்களில் குறைந்துவிட்டதா? ஒரு புரதம் இரத்தத்தில் கூடியது, மனம் இருண்டது.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 1990களின் தொடக்கத்தில் பிறந்த பிள்ளைகளைப் பல வருடங்களாகப் பின்தொடரும் ஓர் ஆய்வு இருக்கிறது. ஒன்பது வயதில் எடுத்த இரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் புரதம் கூடுதலாக இருந்த பிள்ளைகளுக்கு, 18 வயதில் மனச்சோர்வு வரும் சாத்தியம் ஒன்றரை மடங்கு அளவுக்கு அதிகமாக இருந்தது என்று 2014இல் அறிவித்தார்கள். பதினெட்டு, பல்கலைக்கழக வாசலில் நிற்கும் வயது.

ஆனால் இதை ஊதிப் பெருப்பித்துவிடக் கூடாது. மனச்சோர்வு நோயாளிகள் எல்லோரிடமும் அழற்சி இல்லை. சி.ஆர்.பி. என்ற இரத்தப் பரிசோதனையில் அழற்சி தெளிவாகத் தெரிபவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான். 2013இல் அமெரிக்காவில், வழமையான மருந்துக்குக் குணமடையாத 60 பேரிடம் மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் வலிமையான அழற்சி எதிர்ப்பு மருந்தொன்றைச் சோதித்தார்கள். மொத்தத்தில் பார்த்தால் பலனில்லை. அழற்சி அதிகமாக இருந்தவர்களிடம் மட்டுமே பலனுக்கான அடையாளம் தெரிந்தது. ஆகவே யாரும் தனியார் ஆய்வுகூடத்தில் சி.ஆர்.பி. பார்த்து மனச்சோர்வைக் கண்டுபிடிக்கலாம் என்று எண்ண வேண்டாம். தடிமன் வந்தாலும் பல் பழுதானாலும் அந்த எண் ஏறும். ‘இரத்தம் சுத்தமாக்கும்’ மருந்து என்று சொல்லி விற்பவர்களிடமும் ஏமாற வேண்டாம். கருஞ்சீரகம் சாப்பிடுபவர்கள் சாப்பிடுங்கள். அதற்காக வைத்தியர் தந்த மருந்தை நிறுத்தாதீர்கள்.

மலையகத்துப் பிள்ளை சுமந்து போவது

அழற்சி கிருமியால் மட்டும் ஏறுவதில்லை. நீண்ட கால மன அழுத்தம், தூக்கமின்மை, சிறு வயதில் பட்ட காயங்கள் என்பனவும் அதை ஏற்றுகின்றன. நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972–73இல் பிறந்த ஏறக்குறைய ஆயிரம் பேரை வாழ்நாள் முழுவதும் பின்தொடரும் ஆய்வில், சிறு வயதில் கொடுமைக்குள்ளானவர்களின் இரத்தத்தில் 32 வயதிலும் அழற்சி கூடுதலாகக் காணப்பட்டது. இருபது வருடங்களுக்கு மேல் கடந்த பின்னரும் உடம்பு அதை மறக்கவில்லை.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் ஊவாப் பிள்ளைகளின் முகங்கள்தான் நினைவுக்கு வந்தன. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்கள் மண்ணுக்குள் போயின. பள்ளிக்கூடம் போயிருந்ததால் உயிர் தப்பி, திரும்பி வரும்போது வீடே இல்லாமல் நின்ற பிள்ளைகள் இருந்தார்கள். அன்று ஆரம்பப் பிரிவில் படித்தவர்கள் இன்று பல்கலைக்கழக வயதில் இருக்கிறார்கள். மண்சரிவைப் பார்க்காத பிள்ளைகளும் ஒற்றை லயன் காம்பிராவில் ஏழு பேரோடு படுத்து, தூக்கம் குறைந்து, சத்துக் குறைந்து, கடனும் குடியும் சண்டையும் பார்த்து வளர்ந்து வருகிறார்கள். தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் தோட்டத்தை அண்டி வாழும் எமது முஸ்லிம் பிள்ளைகளும் இதில் ஒன்றுதான். அவர்கள் கோவிலில் நூல் கட்டுகிறார்கள், நாம் தண்ணி ஓதிக் கொடுக்கிறோம்.

இவற்றைச் சுமந்துகொண்டு போகும் பிள்ளை, உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு முதல் நாளே ஆங்கில விரிவுரையில் போய் அமர்கிறது. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். இரவில் பகிடிவதை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைத் தடை செய்திருந்தாலும் அது ஒழிந்தபாடில்லை. தூக்கம் நாலு மணித்தியாலம். போர்டிங் காசுக்கு வீட்டில் நகை அடகுக்குப் போயிருப்பது தெரியும். தோற்றுப் போனால் முழுக் குடும்பமும் தோற்றுப் போகும் என்ற பயம். மரபணு கொஞ்சம் தாழ்வான மண். அழுத்தம் நிற்காத மழை. இரண்டும் சேரும்போது சரிவு வருகிறது. மலையில் வாழும் எமக்கு இது புதிய பாடமல்ல.

அல்-பல்கி சொன்னது

‘மனச்சோர்வு மேற்கத்தேய நோய், முஃமினுக்கு வராது’ என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் எமது வரலாற்றை வாசிக்கவில்லை. யஃகூப் நபி (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரத்தில் கண் பார்வையே மங்கிப்போனதை அல்குர்ஆன் சொல்கிறது. அவர்களுடைய ஈமானை யாரும் குறைவாகச் சொல்ல முடியாது.

ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) வபாத்தான அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கி, ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்ற நூலில் உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒன்றாக வைத்து எழுதினார். துயரத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். ஒன்று, உறவையோ பொருளையோ இழந்ததால் காரணம் தெரிந்து வருவது. மற்றொன்று, காரணம் தெரியாமல் வந்து எதிலும் இன்பம் காண விடாமல் செய்வது. இரண்டாவதின் வேர் உடம்பிலும் இரத்தத்திலும் இருக்கிறது என்றும், அதற்கு உடம்புக்குரிய மருத்துவமும் வேண்டும் என்றும் அவர் கருதினார். அவர் அறிந்த இரத்த மருத்துவம் வேறு, இன்றைய அழற்சி விஞ்ஞானம் வேறு. ஆனால் சோர்ந்து கிடப்பவனைக் குற்றம் சாட்டாமல் அவனுடைய உடம்பையும் பரிசோதியுங்கள் என்ற நிலைப்பாடு எமது அறிஞர்களிடம் ஆயிரம் வருடங்களுக்கு முன்னரே இருந்தது. மருந்தின்றி அல்லாஹ் எந்த நோயையும் இறக்கவில்லை என்ற கருத்திலான நபிமொழியில், மனநோய்க்கு மட்டும் விதிவிலக்கு எதுவுமில்லை.

நாம் செய்ய வேண்டியவை

இரண்டு வாரத்துக்கு மேல் பிள்ளை மாறிப்போயிருந்தால் வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரிகளின் மனநல கிளினிக்கில் மருந்து இலவசம். இரத்தச்சோகை, தைரொயிட் போன்ற உடல் காரணங்கள் இருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள். மாத்திரை பலன் தர இரண்டு முதல் ஆறு வாரங்கள் செல்லும். முதல் வாரத்திலேயே பலனில்லை என்று நிறுத்துவதும், சுகமானதும் வைத்தியரைக் கேட்காமல் நிறுத்துவதும்தான் நாம் அதிகம் செய்யும் பிழை. பேசிக் குணப்படுத்தும் சிகிச்சையும், ஒழுங்கான தூக்கமும், அன்றாட நடையும் மருந்தோடு சேர வேண்டியவை.

ஓதிப் பார்ப்பது ஆகுமானது. துஆ எமக்கு ஆறுதல். ஆனால் ஓதிப் பார்ப்பவர், “மருந்தையும் எடுங்கள்” என்று சொல்பவராக இருக்க வேண்டும். மருந்தை நிறுத்தச் சொல்பவரிடமிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பிள்ளை மரணத்தைப் பற்றிப் பேசினால், “அப்படிச் செய்ய நினைக்கிறாயா?” என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. தனியாக விடாதீர்கள். மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்துப் போத்தல்களையும் வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கும், 1333 என்ற உளவளத் துணை இலக்கத்துக்கும் அழைத்துப் பேசலாம்.

பள்ளிவாசல் நிர்வாகிகளிடமும் மௌலவிமாரிடமும் ஒரு வேண்டுகோள். வருடத்தில் ஒரு ஜும்ஆவையாவது இதற்கு ஒதுக்குங்கள். தொழுகைக்குப் பின் ஒரு வைத்தியரை அரை மணித்தியாலம் பேச வையுங்கள். பல்கலைக்கழக முஸ்லிம் மஜ்லிஸ்கள், மலையகத்திலிருந்து வரும் முதலாம் வருட மாணவர்களை முதல் மாதமே தேடிப் போய் விசாரிக்கட்டும். விரிவுரைக்கு வராத பிள்ளையின் அறைக் கதவை ஒருவர் தட்டினாலே போதும், பல குடும்பங்கள் தப்பும்.

அந்தத் தாயின் மகன் கிளினிக்குக்குப் போனார். மூன்றாவது வாரம் தாய் தொலைபேசியில் அழைத்து, “ஒரு மாற்றமும் இல்ல டீச்சர்” என்றார். இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்றேன். ஆறாவது வாரம் ஒரு காலை, மகன் தானாக எழும்பிப் போய்க் கடையைத் திறந்ததாகச் சொன்னார். இப்போது அவர் ஒரு வருடம் பின்தங்கி, கனிஷ்ட மாணவர்களோடு படிக்கிறார். மருந்து தொடர்கிறது.

மகளின் சம்பந்தம் நின்றுபோனது. மறைக்க வேண்டாம், கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள் என்று சொன்னது நான்தான். அதனால் அந்தச் செய்தி எனக்கும் பாரமாகவே இருந்தது. இப்போது வேறு ஓர் இடம் பேசி வருகிறார்கள். இம்முறை அந்தத் தாய் தானாகவே விடயத்தைச் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளையின் உம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எங்கட மூத்த தாத்தாவும் இதுக்கு மருந்து எடுக்கிறார்” என்று சொன்னாராம்.

அன்று என்னால் சொல்ல முடியாமல் போன பதிலை இப்போது சொல்கிறேன். ஆம் உம்மா, இரத்தத்தில் இருக்கிறது. உங்கள் இரத்தத்தில் மட்டுமல்ல, எல்லோருடைய இரத்தத்திலும் கொஞ்சம் இருக்கிறது. அது வெட்கப்படுவதற்கான காரணமல்ல, வைத்தியரிடம் போவதற்கான காரணம்.